மிளகுக் கொடிக்காக ஒரு சங்கீதம்

எண்: 1
நாள்: 2025 ஜூன் 9, திங்கட்கிழமை, முற்பகல் 10.20
இடம்: அரியூர் நாடு, கொல்லிமலை
பொருள்: தோட்டத்தின் இன்றைய நிலை

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

ஒரே கூரையின் கீழ் இருந்தவரை உங்களுக்குக் கடிதம் எழுதும் தேவை எழவில்லை. ஆகவே இதற்கு எண் ஒன்று. இதைப் பிறரும் படிப்பார்கள். என் மகள் எஸ்தர் உங்கள் மகன் குமாருக்கு வாழ்க்கைப்பட்டதையும், நம் பேத்திக்கு நான் அப்புச்சி, அதாவது தாய்வழித் தாத்தா, ஆனதையும், மனைவியை இழந்த நான் முள்ளுக்குறிச்சியிலிருந்து உங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்ததையும் அவர்களுக்காகவே குறிக்கிறேன்.

சென்ற டிசம்பர் மழையில் உங்கள் மிளகுக் கொடிகளின் வேர் அழுகியது. இலைகள் கறுத்து உதிர்ந்தன. நான் வழக்கம்போல் முற்றத்தில் அமர்ந்து வேதாகமத்திலிருந்து காலைச் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். கடவுள் தம் கையால் நட்ட திராட்சைக்கொடி பாழாகிக் கிடக்கிறது, திரும்பி வந்து அதைப் பாரும், எங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவாரும் என்று எபிரெயர்கள் மன்றாடிய சங்கீதம் அது. நீங்கள் மண்வெட்டியோடு நின்றுவிட்டீர்கள்.

“ஏனுங்க சம்பந்தி, நம்ம கொடியப் பத்தியா எழுதியிருக்குது?”

“அது திராட்சைங்க.”

“இருக்கட்டுங்க. அழுவுனா எல்லாம் ஒரே நாத்தந்தான். தோட்டத்துக்கு வந்து படிங்க. இங்க உக்காந்து படிச்சா கொடிக்குக் கேக்குமா?”

அன்றிலிருந்து தோட்டத்தில் வாசித்தோம். எங்கள் சபை வழக்கப்படி நான் வாசிக்க, நீங்கள் பல்லவி சொன்னீர்கள். ‘எங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவாரும்’ என்ற பல்லவி மூன்று முறை வரும். வேண்டுதல் ஒன்றே, கடவுளை அழைக்கும் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் நீளும் என்று விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

“எங்க ஆத்தாளும் இப்படித்தானுங்க. மொதல்ல டேய்ம்பா. வரலீன்னா பேரச் சொல்லுவா. அப்பவும் வரலீன்னா எங்கப்பன் பேரையும் சேத்து இழுப்பா!”

ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் பல்லவியில் பெயர் நீளும் இடத்தில் உங்கள் குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்தீர்கள். நான் வாசிப்பதை நிறுத்தி, “சங்கீதத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாதுங்க,” என்றேன்.

“செரிங்க, படிங்க.”

நீங்கள் கோபப்படவில்லை. மறுநாளும் வந்தீர்கள், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றீர்கள், ஆனால் பல்லவி சொல்லவில்லை. பிப்ரவரி 11 அன்று மாரடைப்பு உங்களைக் கொண்டுபோகும்வரை சொல்லவேயில்லை.

நான் எதைக் காப்பாற்றினேன், சம்பந்தி? அந்தத் தோட்டத்தில் நான் நட்டது ஒன்றுமில்லை. உங்களுக்கிருந்த தவிப்பு எனக்கில்லை. அதனால்தான் எனக்குச் சொல் பிசகாமல் வந்தது.

இனி இன்றைய செய்தி. கொடிகளைப் பிடுங்கி, அவை படர்ந்த சில்வர் ஓக் மரங்களையும் வெட்டிவிட்டு மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போடக் குமார் முடிவு செய்திருந்தான். இன்று மர வியாபாரியின் லாரி காரவள்ளியிலிருந்து மேலேறுவதாக ஏற்பாடு. நேற்று மாலை என்னிடம் வந்தான்.

“மாமா, வெட்டறதுக்கு முன்னால ஒருக்காப் படிச்சிருங்க. அப்பன் இருந்தா கேட்டிருப்பாரு.”

விடிந்ததும் மூவரும் தோட்டத்துக்குப் போனோம். முதலிரு பல்லவிகளையும் எஸ்தர் சொன்னாள். மூன்றாவதற்குக் குமாரின் குரல் வந்தது. உங்கள் குலதெய்வத்தின் பெயரோடு வந்தது, பாதியில் உடைந்தது. உங்களை அடக்கம் செய்த அன்றுகூட அவன் அழவில்லை. இம்முறை நான் திருத்தவில்லை. அந்தச் சங்கீதம் பதிலோடு முடிவதில்லை, கேட்டபடியே நின்றுவிடுகிறது. நாங்களும் அப்படியே நின்றோம்.

பிறகு குமார் மூக்கைச் சிந்திவிட்டு, கைப்பேசியை எடுத்தான்.

“அண்ணே, லாரி வேண்டாமுங்க. இல்லீங்க, வெலைக்காக இல்லீங்க. பழைய வேரத் தோண்டி எரிச்சுட்டு, இந்த மழைக்குப் புதுக்கொடி வெச்சுப் பாக்கறேன்.”

மறுமுனையில் அவர் திட்டியது எனக்கே கேட்டது. குமார் “செரிங்கண்ணே, செரிங்கண்ணே” என்று முழுவதையும் வாங்கிக்கொண்டான்.

பழைய கொடிகள் பிழைக்கவில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நீங்கள் கேட்டது அவற்றைத்தான், அது கிடைக்கவில்லை. புதுக்கொடி காய்க்க மூன்று ஆண்டுகள் வேண்டும் என்கிறான் குமார். எனக்கு எண்பத்திரண்டு முடிந்துவிட்டது.

ஆயினும் வாக்களிக்கிறேன். அவன் வைக்கும் கொடிகளில் ஒரு வரிசையை என் கையால் நடுவேன். குனிந்தால் எழ முடியாது, எஸ்தர் பிடித்துக்கொள்வாள். நட்டு, கையில் மண்ணோடுதான் இனி அந்தச் சங்கீதத்தைத் திறப்பேன்.

உங்கள் பேத்தியின் அப்புச்சி,
என்றும் உங்கள் சம்பந்தி

இணைப்புகள்:
1. உங்கள் கொடிகளின் கடைசி மிளகு, ஒரு கைப்பிடி.
2. வெட்டாமல் விட்ட மரங்களின் புகைப்படம், இன்று காலை எஸ்தர் எடுத்தது.
3. பல்லவி, என் கையெழுத்தில், மூன்று முறை. மூன்றாவதில் அழைக்கும் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.