நன்றிப் பட்டியலில் ரோனா

ஆகஸ்ட் 28, 1984
எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச்சுடன் நான்.

பள்ளியின் சிந்தசைசர் இப்போது பாட்டுப் பைத்தியம் மர்ரேயின் கார் கொட்டகையில், அவனுடைய நாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் திருடவில்லை. விடுமுறைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். பெற்றோர் சங்கம் நான்கு வருடம் கேக் விற்று வாங்கிய மின்னணு இசைக்கருவி. அதற்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?

இசை அறைச் சாவி என் வகுப்பு நைரியின் பொறுப்பு. "நோட்டை உள்ள வெச்சு மறந்துட்டேன்" என்றேன். உடனே தந்துவிட்டாள். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், மடச்சி.

செப்டம்பர் 3
'ஈரக் கம்பளி' இசைத்தட்டு நிறுவனம் என்பது மர்ரே, ஒரு டேப் ரெக்கார்டர், நாய். முதலாளியும் பாடகனும் அவனே.

"இது ராக் இல்ல ரோனா, ராக்கோட எலும்புக்கூடு" என்கிறான். அந்த எலும்புக்கூட்டில் ஏழு நிமிடம் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருக்கிறேன். புதுமையாம். எனக்கு விரல் வலி.

ஆனால் — வேறு எங்கேயும் நான் இவ்வளவு சத்தம் போட்டதில்லை.

செப்டம்பர் 17
தரை மெழுகும் நாளில் பள்ளியின் பின்வாசல் திறந்திருந்தது. அந்த வழியாகக் கருவி நேற்று முன்தினமே திரும்பிவிட்டது. சாவியை நைரியிடம் தந்தேன்.

"ஒரு நோட்டு எடுக்க மூணு வாரமாடி?"

சிரித்தேன். கேவலமான சிரிப்பு.

அக்டோபர் 20
இசைத்தட்டுகள் வந்துவிட்டன. இருநூறு. உறையின் பின்பக்கம், இந்த மாதிரிச் சின்ன நிறுவனங்களின் வழக்கப்படி, நன்றிப் பட்டியல். சத்தம் வெளியே போகாமல் தடுக்கத் திரைச்சீலை கொடுத்த அத்தை, சிப்ஸ் கடைக்காரர்... அப்புறம் சிந்தசைசர் கொடுத்து உதவிய என் பள்ளி, வாசித்த ரோனா மீக்கில்!

"ஏன்டா போட்ட?"

"நன்றி சொல்லாம விட்டா நானெல்லாம் மனுஷனா?"

இருநூறு உறையிலும் கறுப்பு மார்க்கரால் என் பெயரை அடித்தேன். பள்ளியின் பெயரை மர்ரே தொட விடவில்லை. "உன் பேரு உன் இஷ்டம். அவங்க பேரை அழிக்க நீ யாரு?" கொள்கைவாதி.

அக்டோபர் 27
மாணவர் வானொலியில் எங்கள் இசைத்தட்டிலிருந்து இரண்டு பாட்டு. "உறையில தன் பேரையே அடிச்சுட்டு வர்ற அந்த ஆளுக்கு எவ்ளோ தைரியம் பாருங்க!" என்றான் அறிவிப்பாளன். ஆமாம், தைரியம். கேட்டதும் கழிப்பறைக்கு ஓடினேன்.

நவம்பர் 1
யாரோ ஒரு மாணவியின் தாய் இசைத்தட்டை வாங்கிப் பள்ளியில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். காலைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை மிஸ் டால்யெல் அதைச் செத்த எலி மாதிரி இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார். நைரியை மேடைக்கு அழைத்தார்.

"சாவி யார்கிட்ட இருந்தது?"

"என்கிட்ட மிஸ். ஒருத்திக்குக் கொடுத்தேன்."

"யாருக்கு?"

"சொல்ல மாட்டேன் மிஸ்."

இங்கே யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். எவ்வளவு வசதி எனக்கு! நைரியின் சாவிப் பொறுப்பு பறிபோயிற்று. வெலிங்டன் நகரில் நடக்கும் இசைப் பயிற்சிக்கான சிபாரிசுக் கடிதமும் கிடையாதாம். அவள் ஒரு வருடமாகக் காத்திருந்த கடிதம்.

அடுத்து வந்த துதிப்பாடலை நான்தான் சத்தமாகப் பாடினேன்.

நவம்பர் 2
வயிற்று வலி என்று பள்ளிக்குப் போகவில்லை. வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 5
"என் பேரைச் சொல்லிடேன் நைரி, உன்னை விட்டுடுவாங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? உனக்கு வாய் இல்லையா?"

இருக்கிறது. இத்தனை நாள் சாப்பிட மட்டும் வைத்திருந்தேன். மதியம் மிஸ் டால்யெலின் அறைக் கதவைத் தட்டினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் மேசையிலிருந்த அந்த இசைத்தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதுல பாட்டு எதும்மா, சத்தம் எது?" என்றார். நிஜமாகவே கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். வருடம் முடியும்வரை இசை அறைப் பக்கமே போகக்கூடாது. அப்பா என் டார்ச்சை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

நவம்பர் 14
நைரிக்குக் கடிதம் கிடைத்துவிட்டது. என்னிடம் பேசவில்லை. ஏன் பேச வேண்டும்?

நவம்பர் 16
பேருந்தில் எத்தனையோ இடம் காலி. நைரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மட்டும்:

"கடைசிப் பாட்டுல சுதி இறங்குதுடி."

கடைசிப் பாட்டுவரை கேட்டிருக்கிறாளா? அதுவரை போவதற்குள் மர்ரேயின் நாயே எழுந்து போய்விட்டது.