பிரிக்காத புதினாப் பொட்டலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்தான், எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அந்த அளவுக்கு. முட்டிவலி பழகிவிட்டது. மாடிப்படி விளக்கு இன்னும் எரியவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம், இரண்டு வருஷமாக அலமாரியில் கிடக்கும் மிளகையும் மல்லித்தூளையும் வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப்போடலாமா என்று கேட்டாய். அப்பாவைக் கேளு என்று அவள் போனை என் கையில் திணித்தாள், நானும் எதையோ சொல்லி மழுப்பினேன். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முழு மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் மூடி இறுக்கமாக இருந்தால் மூன்று நான்கு வருஷம் தாங்கும். அரைத்த தூள் இரண்டு வருஷம் போனால் அதிகம். காய்ந்த இலை ஒரு வருஷம், மிஞ்சினால் இன்னும் சில மாதம். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால்தான் ஆபத்து, மற்றபடி கெட்டுப்போகாது, வாசனைதான் மெல்லக் கழன்றுவிடும். உள்ளங்கையில் கொஞ்சம் போட்டுத் தேய்த்து முகர்ந்து பார். மிளகு இருக்கட்டும், தூளில் ஒன்றும் வரவில்லை என்றால் யோசிக்காமல் கொட்டிவிடு.

இதெல்லாம் நான் கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் உட்கார்ந்து பழகிய புத்தி. பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால். வீட்டு டப்பாக்களிலும் தேதி எழுதிச் சீட்டு ஒட்டுவேன், உன் அம்மா பிய்த்துப் போட்டுவிட்டு, "என் மூக்குக்குத் தெரியாததா உங்க சீட்டுக்குத் தெரியப்போவுது?" என்று சிரிப்பாள். உனக்கே தெரியும், நீ காய்ச்சலில் படுத்தால் தெர்மாமீட்டருக்கு முன்னால் அவள் மூக்கு சொல்லிவிடும். அப்படிப்பட்டவள் நாலு மாதமாக எந்த டப்பாவைத் திறந்தாலும் இது செத்துப்போச்சு, அது செத்துப்போச்சு என்று குப்பையில் கொட்ட ஆரம்பித்தாள். வாங்கி மாதம் முடியாத சீரகத்தைக்கூட விடவில்லை. நான் வரிந்துகட்டிக்கொண்டு மளிகைக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம் அந்த மனிதர், புது மூட்டையைப் பிரித்து என் மூக்குக்கு நேராக நீட்டி, "சார், நீங்களே மோந்து பாருங்க, இதுக்கு மேல நான் என்ன செய்ய?" என்றார். கமகமவென்று இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, கடைக்காரர் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அப்புறம் மேல்மாடி தையல்கடைக்காரர், அவர் கடையில் எட்டுப் பேருக்கு அம்மா மதியச் சாப்பாடு கொடுக்கிறாளே, படியில் என்னை நிறுத்தி, "அக்காகிட்ட சொல்லிடாதீங்க, கொஞ்ச நாளா கிராம்பு தூக்கலா இருக்கு, பசங்க சாப்பிட முடியாம மிச்சம் வெச்சிடுறானுங்க" என்றார். வாசனை வரவில்லை என்று அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே. நான் தபால் ஆபீஸ் போய்விட்டு வந்தேன். கதவைத் திறந்ததும் கேஸ் வாடை முகத்தில் அடித்தது. உன் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். பர்னர் திருகு பாதி திறந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் டீ போடுவதற்கு எழுந்து லைட்டரைக் கையில் எடுத்தாள். நான் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, திருகை மூடி, ஜன்னலை எல்லாம் திறந்தேன். "என்னங்க, என்னாச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள், பாப்பா. கொஞ்ச நேரம் கழித்து அவளே புரிந்துகொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றால், வயசானா எல்லாம்தான் போகும், மூக்குக்கு ஒரு டாக்டரா என்கிறாள். பாப்பாவுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை மீறித்தான் எழுதுகிறேன். சண்டை போட்டு அழைத்துப்போகிற தெம்பு எனக்கு இல்லை, நீ சொன்னால்தான் எழுந்திருப்பாள். இப்போது அடுப்பை நான் பற்றவைக்கிறேன், நான் அணைக்கிறேன். நேற்று அவளாகவே, "தேதிச் சீட்டைக் கொஞ்சம் பெருசா எழுதி ஒட்டுங்க" என்றாள். அவள் என்னைக் கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று. போன மாதம் நீ உன் பால்கனியில் வளர்த்துக் காயவைத்த புதினாவை அனுப்பினாயே, அம்மா போனில் பேசிக்கொண்டே முகர்ந்து பார்த்து, "அடேயப்பா, வீடே மணக்குதுடி" என்றாளே, நீயும் சந்தோஷப்பட்டாயே. நேற்று சீட்டு ஒட்டுவதற்காக அதை எடுத்தேன். மேல்தாளைத்தான் பிரித்திருக்கிறாள். உள்ளே நீ ஒட்டி அனுப்பிய கெட்டி உறை வெட்டாமலே இருக்கிறது.

இந்த வாரமே பேசு, திட்டாமல் பேசு, நான் எழுதினேன் என்றே சொல்லிக்கொள். டப்பாக்களை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காதே, சூட்டில் சீக்கிரம் போய்விடும். இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அந்த உறையை இன்று காலை நானே வெட்டினேன். அம்மா சொன்னது பொய்யில்லை பாப்பா, வீடே மணக்கிறது.

ஆசிகளுடன்,
அப்பா