கப்பலைத் தவறவிட்ட மாப்பிள்ளை

நேற்று போர்ட் பிளேர் ஷாதிபூரில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் விரலில் தடவினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், மாயாபந்தர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு கைகளையும் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு படுத்திருந்த உன் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. என்னை அறியாமல் சிரித்தேன். கூசுகிறதா தாத்தா என்று கேட்டாள்.

அறுபதுகளின் கடைசி அது, இருவருக்கும் அந்தமானில் வேலை. நீ பொதுப்பணித் துறையில் ஓவர்சியர், நான் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே சமையல். கோவில்பட்டியில் உனக்குப் பெண் பேசி, நாளும் குறித்துவிட்டார்கள். போர்ட் பிளேருக்குப் படகு, அங்கிருந்து மெட்ராஸுக்குக் கப்பல். நீ பெட்டி கட்டிய வாரத்தில்தான் ஃப்ளூ காய்ச்சல் எங்கும் பரவி, உன்னையும் போட்டுப் புரட்டியது. நானும் பக்கத்து வீட்டு மலையாளியும்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தோம்.

தினமும் காலையில் உன் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் ஏற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். முதலில் வெள்ளை அணுக்கள் குறைந்து கிடந்தன. ஃப்ளூவில் அப்படித்தான் இருக்கும். காய்ச்சல் இறங்கியதும் நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாய், பயணச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னாய். ஆனால் அன்றைய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் திடீரென்று ஏறியிருந்தன. புதிதாக வேறொரு கிருமி நுழைந்தால் ஓடிவருகிற வகை. அவற்றிலும் பல இன்னும் முதிராதவை. வங்காளி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஜஹாஜ் நஹி" என்றார். கப்பல் கிடையாது.

படகு சங்கு ஊதிப் புறப்பட்டபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். "உனக்குக் கல்யாணம் ஆகலேன்னு என்னையும் பிடிச்சு வச்சுக்கிட்டே" என்றாய். அதன்பிறகு நான் ஊசியோடு வந்தாலே இரண்டு கைகளையும் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வாய்.

மறுநாளே உனக்கு மூச்சு வாங்கியது. நிமோனியா. அந்நேரம் நீ கடலில் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாய். பெனிசிலின் ஊசி மாற்றி ஊசியாகப் போட்டார்கள். நோய் முற்றும்போது ரத்தத்தில் அநேகமாகக் காணாமல் போகிற அணு ஒன்று உண்டு. உடம்பு தேறும்போது திரும்பி வரும். உள்ளே ஆரஞ்சு நிற மணிகள் நிறைந்து அழகாக இருக்கும். அதைத்தான் தினமும் தேடினேன். ஒரு காலையில் கண்ணில் பட்டது. டாக்டரும் பார்த்துத் தலையசைத்தார். சாயக் கறை படிந்த கையோடு வார்டுக்கு ஓடி, "தேறிட்டேடா" என்றேன். நீ போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லித் தந்தி கொடுத்திருந்தோம். பெண் வீட்டார் தயங்கியபோது, கல்யாணப்பெண் செல்லத்தாய் தன் அப்பாவிடம், "அவுக வர முடியலைன்னா நாம போவோம்" என்றாளாம். அடுத்த கப்பலில் அப்பாவும் மகளும் வந்துவிட்டார்கள். வழியெல்லாம் வாந்தி எடுத்து வெளுத்துப்போய்ப் படகுத்துறையில் இறங்கியவள், நீ மெலிந்து நிற்பதைப் பார்த்து, யார் நோயாளி என்றே தெரியவில்லை என்று சிரித்தாள். முருகன் கோயிலில் தாலி கட்டினாய். வங்காளிப் பெண்கள் குலவையிட்டுச் சங்கு ஊதினார்கள். பாலுக்குப் பஞ்சம் என்பதால் தேங்காய்ப் பாலில் பாயசம். டாக்டர் மூன்று முறை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் செல்லத்தாய் லேபுக்கு வந்து, நீ தேறியதைக் காட்டிய அந்த ரத்தத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள், "மருதாணி வச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். பின்னால் நின்ற நீ, காய்ச்சலோடு மல்லுக்கட்டியது நான், பேர் அதற்கா என்று முறையிட்டாய். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதன்பிறகு எத்தனையோ வருஷம் அந்த வேலையில் இருந்தேன். ரத்தம் மோசமாக இருந்தால் சீட்டில் எழுதி டாக்டருக்கு அனுப்பிவிடுவேன். தேறுகிற ரத்தமாக இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு, நோயாளியின் கட்டிலுக்கு நானே நடந்து போவேன். இந்தியில் சொல்வேன், தமிழில் சொல்வேன், தெரிந்த அளவு வங்காள மொழியில் சொல்வேன். சொல்லி முடிக்கும் முன்பே, அவர்கள் கை என் கையைத் தேடி வரும்.