வேப்பமரத்தை இறக்கப் பேசிய விலை

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. ஆபீஸுக்கு அரை நாள் லீவு. மரம் வெட்டும் பக்கிரிசாமி பக்கத்து ஊர் பூவத்திலிருந்து பத்து மணிக்கு வந்தார்.

வேலை: வாசல் மூலை வேம்பு. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தால்தான் கை எட்டும். எங்கள் ஊர் கோவில்பத்தில் இந்தப் பருமனுக்கு வேறு வேம்பு இல்லை, நான் பார்த்துவிட்டேன். போன மழையில் ஒரு சாண் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் கமலா அக்கா வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்கா தனி ஆள், மகன் துபாயில். விழுந்தால் நேரே அவர் கட்டிலில்தான் விழும். ஐப்பசி மழைக்குள் இறக்கியாக வேண்டும்.

மனதுக்குள் நான் போட்ட விலை எட்டாயிரம். மார்க்கெட்டில் என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. ஆனால் ப.சாமி மரத்தையே பார்க்கவில்லை. சந்தின் அகலத்தைக் காலால் அளந்தார். கரண்ட் கம்பியைப் பார்த்தார். அக்கா வீட்டுக் கூரையை ரொம்ப நேரம் பார்த்தார். "பதினாலு ஆவும்மா" என்றார்.

"மரத்தையே பாக்கல, அதுக்குள்ள பதினாலா?"

"மரத்துக்கு வெலை இல்லீங்கம்மா. அது விழுற எடத்துக்குத்தான் வெலை. இதே மரம் வயக்காட்டுல நின்னா நாலாயிரத்துக்கு சாச்சிட்டுப் போயிடுவேன்."

விறகை எடுத்துக்கொள்ளுங்கள், கூலியில் கழியுங்கள் என்றேன். வேம்பு, நல்ல விலை போகும். அவர் அரிவாளைத் திருப்பி அடிமரத்தில் நாலு தட்டு தட்டினார். எனக்கே கேட்டது. குடத்தைத் தட்டுகிற சத்தம்.

"உள்ள கூடு விழுந்திருக்கு. பலகைக்கு ஆவாது. ஏறுறவனுக்கும் பயம். பதினெட்டு."

பேசப் பேச ஏறுகிற விலையை இன்றுதான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். அவர் கடைசியாகத்தான் மரத்தில் இருக்கும் அம்மன் படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "இத வேற பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம்: பால் பாக்கெட், மிக்ஸி பிளேடு. மிக்ஸி பிளேடு மறந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். என் வீட்டுக்காரர் தன் ஆபீஸில் கேட்டு வேறொரு ஆளைக் கூட்டிவந்தார். ஏழாயிரம். அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "பாத்தியா, பாதிக்கும் கீழ."

வந்தவன் அடியில் மிஷின் வைத்து அறுத்து, கயிறு கட்டி இழுத்துவிடுவானாம். ஒரு மணி நேர வேலையாம்.

"எந்தப் பக்கம் விழும்?" என்றேன்.

"நம்ம இழுக்குற பக்கம்க்கா."

"அது அந்தப் பக்கம் சாஞ்சிருக்கே. உள்ள கூடு வேற. தட்டிப் பாத்தீங்களா?"

தட்டவில்லை. அனுப்பிவிட்டேன். ஒரு நாளில் எனக்கு இவ்வளவு மரம் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாடு வரை பேசவில்லை. அப்புறம், "சரியாத்தான் கேட்ட" என்றார். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் இதைச் சொல்லி நான் கேட்டது மூன்றாவது தடவை. குறித்துவைக்கிறேன்.

கரண்ட் ஆபீஸ் மனு நானே எழுதினேன். 13ஆம் தேதி காலை கரண்டை நிறுத்தித் தருவார்கள். நம் மனு திரும்பி வராது.

அக்டோபர் 9, வியாழன்

புழுக்கம். ப.சாமி மறுபடி வந்தார். கணக்கு தெளிவாகச் சொன்னார்:

– துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க ஐந்து ஆள்
– சந்துக்குள் லாரி வராது, கட்டையைத் தெருமுனை வரை தூக்க வேண்டும்
– அடிமரத்தில் ஆணி இருந்தால் மிஷின் செயின் போய்விடும், அது தனி
– வேரைத் தோண்டுவது இதில் சேராது

இதெல்லாம் சரி. பிறகு சொன்னார், "ஏறுற பயலுவ ஏறமாட்டேங்குறானுவ. அம்மன் இருக்கு. எத்தன ஆயிரம் கூடக் குடுத்தாலும் ஏறமாட்டானுவ. யாரு வெச்சாங்களோ அவங்க கையால சூடங் காட்டி எடுக்கணும். யாரும்மா வெச்சது?"

அதற்குள் கமலா அக்கா வந்துவிட்டார். மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "யாரும் வெக்கல. அவளா வந்து உக்காந்தா. மரத்துல கை வெக்க விடமாட்டேன்."

தெருவே அப்படித்தான் சொல்கிறது. அவளாக வந்தாள். மஞ்சள் கயிறு, குங்குமம், தினமும் விளக்கு.

இங்கே மட்டும் எழுதுகிறேன். வைத்தது நான்தான்.

பத்து வருடம் முன்பு அந்த மூலையில் நடக்க முடியாது. கடைத்தெருவுக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் அங்கேதான் ஒதுங்குவான். எழுதி ஒட்டினேன், எழுத்தின் மேலேயே போனார்கள். ஒரு மத்தியானம், தெருவில் ஆளில்லாத நேரம், காலண்டர் மாரியம்மன் படத்துக்கு ஃபிரேம் போட்டு நாலு ஆணி அடித்தேன். மறுநாளிலிருந்து மூலை சுத்தம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இப்போதும் மெச்சுகிறேன், பொய் சொல்வானேன். நகராட்சி முடிக்காததை நாலு ஆணி முடித்தது.

ஆனால் இப்போது அந்த அம்மனைக் காட்டித்தான் அக்கா தன் தலைமேல் விழப்போகிற மரத்தைக் காப்பாற்றுகிறார். சொல்லாவிட்டால் மரம் நிற்கும். சொன்னால் பத்து வருடம் அவர் ஏற்றிய விளக்கு என்னாவது?

அக்டோபர் 10, வெள்ளி

ஆபீஸில் மனம் ஒட்டவில்லை. ஒரு ஃபைலில் தேதியைத் தப்பாகப் போட்டேன். நான்.

ஐந்தரைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். திரி திரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். படம் நான் மாட்டியது, எதற்காக மாட்டியது, எல்லாம். காது சுட்டது.

அக்கா திரியைத் தட்டில் வைத்தார். "தெரியும் உமா. நீ ஆணி அடிக்கிறப்ப நான் ஜன்னல்லதான் நின்னேன்."

அக்கா அந்த ஜன்னலைக் கையால் காட்டினார்.

"அதுக்கு முன்னாடி நான் ஜன்னலத் தொறந்ததே கெடையாது. அவ்வளவு நாத்தம். நீ மாட்டிட்டுப் போன. நான் வெளக்கு வெச்சேன். வெறும் படமா இருந்தா ரெண்டு நாள்ல மறுபடி வந்துடுவானுவன்னுதான் வெச்சேன்."

ஆக, தந்திரத்தில் பாதி அவருடையது. பத்து வருடமாக முழுப் பெருமையையும் நான் ஒருத்தியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"அப்புறம் ஏன்க்கா வெட்ட விடமாட்டேங்குறீங்க? உங்க மேலதான் விழும்."

அக்கா ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், "எங்க வீட்டுக்காரரு செத்துப்போன வருசம் ஒருத்தரும் என் வாசலுக்கு வரல. வெளக்கு வெச்ச பிறகு நாலு பொம்பளைவ வந்து நிக்கிறாளுவ. கொழம்பு என்னான்னு கேக்குறாளுவ. மரம் போனா அதுவும் போயிடும்ல."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. திரியை எடுத்துத் திரிக்க ஆரம்பித்தார்.

அவர் வீட்டுத் தெருப்பக்கச் சுவரைக் காட்டினேன். ஒரு மாடம் கட்டி அம்மனை அங்கே வைக்கலாம், செலவு என்னுடையது. யோசித்தார். "வெள்ளிக்கெழம சாமிய எடுக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம எடு. உன் கையால."

அக்டோபர் 12, ஞாயிறு

லேசான தூறல், உடனே நின்றது. கொத்தனார் நேற்றே மாடம் கட்டிவிட்டார். காலையில் தலைக்குக் குளித்து, எலுமிச்சம்பழம், சூடம். தெருப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நீங்க ஏன் எடுக்கிறீங்க?" என்றது ஒரு குரல்.

"வெச்சது அவங்க. அவங்கதானே எடுக்கணும்" என்றார் கமலா அக்கா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

எதற்காக வைத்தேன் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. படத்தை எடுத்து மாடத்தில் வைத்தேன், நாலு ஆணியையும் பிடுங்கிவிட்டேன். செயின் செலவு மிச்சம்.

அக்டோபர் 13, திங்கள்

வெயில், காற்று இல்லை. ஒன்பதுக்குக் கரண்ட் நின்றது. ஐந்து பேர், மூன்று கயிறு. மேலே ஏறிய பையன்கள் படம் இருந்த இடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். கொப்பு கொப்பாக இறங்கியது. அக்கா கூரையில் ஒரு சுள்ளி கூட விழவில்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்கு, ஏன் துண்டாக அறுக்கிறார்கள், ஏன் இந்த விலை என்று நானே விளக்கிக்கொண்டிருந்தேன். "அம்மாவே தொழிலுக்கு வந்துடலாம்" என்றார் ப.சாமி. சிரிக்காமல் சொன்னார்.

அடிமரம் கடைசி. அறுத்ததும் கூப்பிட்டார். உள்ளே என் கை முழங்கை வரை போனது. அக்கா வீட்டுப் பக்கம் இருந்தது பட்டை மட்டும்தான். அக்காவும் பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பதினெட்டாயிரம். ஒரு ரூபாய் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோவில்பத்தில் இதுவரை ஒரு மரத்துக்குக் கொடுத்ததில் இதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

மாலை ஆறேகால். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாடத்தில் விளக்கு. அக்கா வாசலில் ஏழு பேர், எண்ணிவிட்டேன். யாரோ சிரிக்கிறார்கள்.

பத்து வருடத்தில் ஒருநாள் கூட நான் அங்கே போய் நின்றதில்லை. நாமே மாட்டிய படம்தானே என்று ஒரு மிதப்பு. புடவை மாற்றிக்கொண்டு கிளம்புகிறேன், மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.