பத்து விநாடிக்கொரு படம்

இன்று காலை எங்கள் வீட்டுக் கூரையில் செய்மதி இணையத் தட்டொன்றைப் பொருத்தினார்கள். கேற்றுக்கு மேலே கமராவும் வைத்தாயிற்று. தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. புது வயரின் ரப்பர் வாசம் மட்டும் விறாந்தையில் நின்றது. அதை முகர்ந்ததும் உன் ஞாபகம் வந்தது, தோழி.

சுனாமிக் கடல் வந்துபோன மூன்றாம் கிழமை அது. சாய்ந்தமருதில் ஒரு பாடசாலை முகாமில் நான் இடம்பெயர்ந்து வந்தவர்களின் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். நிவாரண அமைப்பொன்றின் செய்மதித் தட்டைக் கூரையில் ஏற்ற, காரைதீவிலிருந்து நீ வந்தாய். யாரோ கொடுத்த பெரிய சட்டையின் கைகளை மடித்துவிட்டிருந்தாய். உன் அம்மாவை அப்போதும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை நீ எனக்குச் சொல்லவில்லை. உன்னை ஏற்றிவந்த சாரதிதான் சொன்னார்.

முகாமில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். வாப்பாவையும் தம்பியையும் கடல் கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து அவள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. உம்மா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். "எல்லாரும் நல்லா இரிக்காங்க" என்று உறவுக்காரர்கள் முதலில் உம்மாவுக்குப் பொய் சொல்லியிருந்தார்கள். உண்மை தெரிந்த பிறகு அவள் எவர் சொல்லையும் நம்பவில்லை.

"புள்ள இரிக்காளெண்டா ஏன் கதைக்கிறாளில்ல? அவளும் மௌத்தாயிட்டாள். மறைக்கிறீங்க" என்று தொலைபேசியில் அழுதாள். படம் அனுப்பினால், அது பழைய படம் என்றாள். சாப்பிடுவதையும் விட்டிருந்தாள்.

இதை நான் உன்னிடம் சொன்னபோது, நிவாரண அரிசி வைத்த களஞ்சிய அறையைக் கண்காணிப்பதற்கென்று வந்த இணையக் கமரா பெட்டி பிரிக்காமல் கிடந்தது. நீ நேரே பொறுப்பாளரிடம் போய் அதைக் கேட்டு வாங்கிவந்தாய்.

"ரெண்டு நாளைக்கு இது பிள்ளையப் பாக்கட்டும். பிறகு அரிசியப் பாக்கும்" என்றாய்.

வேலை இலேசாக இருக்கவில்லை. உன் மடிக்கணினியில் தெளிவாகத் தெரிந்த படம், வெளியூரிலிருந்து திறந்தால் வரவில்லை. அந்தச் செய்மதி இணைப்பில் வெளியார் வந்து தட்டக்கூடிய முகவரியே இல்லை என்று விளக்கினாய். போதாக்குறைக்கு, மழை இருட்டும்போதெல்லாம் இணைப்பு அறுந்தது. ஈரக்கூரையில் எத்தனை தரம் ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பாதியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாய்.

"ஆக்கள் உள்ளுக்கு வர வழியில்லாட்டி, நாங்க வெளிய அனுப்புவம்."

கமரா தானாகவே பத்து விநாடிக்கொரு படம் எடுத்து ஓர் இணையப் பக்கத்துக்கு அனுப்பும்படி மாற்றினாய். இணைப்புத் தாங்கவேண்டுமென்று படத்தையும் சிறிதாக்கினாய்.

குவைத்தில் உம்மா வேலைசெய்த வீட்டுக்காரரின் மகள் தன் கணினியில் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். தொலைபேசி என் கையில் இருந்தது.

"இது எப்ப எடுத்த படம்?" என்று கேட்டாள் உம்மா.

"இப்பதான் ராத்தா. நீங்க சொல்றத அவளச் செய்யச் சொல்றன், பாருங்க."

"நெத்தி முடிய ஒதுக்கச் சொல்லுங்க. தழும்பு இரிக்கும்."

நீ பிள்ளையின் முன்னால் முழந்தாளிட்டு, உன் நெற்றி முடியை ஒதுக்கிக் காட்டினாய். அவளும் ஒதுக்கினாள். படம் போய்ச் சேரும்வரை நான் விநாடிகளை எண்ணினேன். பிறகு தொலைபேசியில் உம்மாவின் குரல் அதிர்ந்தது.

"ஓம்... என்ட மகள்தான். அல்லாஹ்வே, என்ட மகள்தான்!"

நீ எழுந்து கட்டடத்துக்குப் பின்னால் போனாய். திரும்பி வந்தபோது உன் கண்கள் சிவந்திருந்தன. மிச்ச வயரைச் சுருட்டத் தொடங்கினாய்.

இரண்டு மாதத்தில் உம்மா வந்து சேர்ந்தாள். பிள்ளை வாய் திறக்க இன்னும் சில கிழமைகள் எடுத்தன. உன் அம்மா கிடைக்கவேயில்லை. யுத்தம் முடிந்த வருடம், பிரிந்துபோன குடும்பங்களுக்குத் தொடர்பு ஏற்படுத்தும் வேலையென்று வவுனியா முகாம்களுக்கு நீயாகவே கேட்டுப் போனாய்.

கமராவை அரிசி அறைக்கு மாற்றிய அன்று, "புள்ள நல்லா இரிக்காள் எண்டு நாங்களே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே" என்றேன். நீ இல்லையென்று தலையாட்டினாய். "அது ஆறுதல் மட்டும்தான்கா. தூரத்தில இருக்கிறவங்களுக்கு அது காணாது. இப்ப என்ன செய்றாள் எண்டு சொல்லு."

இப்போது நான் வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து யார் அழைத்துக் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன்: "உங்கட வாப்பா எழும்பி இரிக்கார். ரெண்டு வாய் கஞ்சி குடிச்சார்." எங்கள் வைத்தியசாலையிலேயே நீ நோயாய்க் கிடந்த கடைசி நாளில் கனடாவிலிருந்து உன் தங்கை அழைத்தாள். அவளுக்கும் நான் ஆறுதல் சொல்லவில்லை.

"கண்ண மூடிக் கிடக்கா. மூச்சு மெதுவாப் போகுது. என்ட கையப் புடிச்சிருக்கா" என்றேன்.