ஜரிகை தெரியாத கண்

1971 ஐப்பசி, புதன் இரவு

உடம்பு அசந்துவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. காலையில் ஓரிக்கையிலிருந்து தறி நெய்யும் நிறைமாதப் பெண் ஒருத்தியை வலிப்போடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். மாமியார் அவள் கைக்குள் வீட்டுச் சாவியைத் திணித்துப் பிடித்திருந்தாள்.

"காக்கா வலிப்பு சிஸ்டர், இரும்ப எடுத்துடாதம்மா!"

அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கால் விரல் வீங்கி மெட்டி புதைந்திருந்தது. "முன்னே எப்பவாவது வந்திருக்குதா?" என்றேன்.

"இல்லமா. ரெண்டு நாளா தலவலி. ஜரிகை இழையே கண்ணுக்குத் தெரியலன்னு சொல்லிக்கினு இருந்தா. மழ இருட்டுன்னு விட்டுட்டோம்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்பு. அளந்து பார்த்தேன், எகிறிக் கிடந்தது. டாக்டரைக் கூவி அழைத்தேன். அவர் ஊசி போட்டார். மறுபடி வலிப்பு வரவில்லை. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. "சிஸ்டர்தான் கண்டுபிடிச்சாங்க" என்று டாக்டர் எல்லோர் எதிரிலும் சொன்னார். காதில் விழாதவள்போல் நடந்தேன். நன்றாகவே விழுந்தது. அழுத்தம் மட்டும் காலைக்குள் இறங்கிவிட வேண்டும்.

உடுப்பு மாற்றும்போது அதன் பை கனத்தது. அவர்கள் வீட்டுச் சாவி. அவசரத்தில் அவள் கையிலிருந்து எடுத்து நானே போட்டுக்கொண்டுவிட்டேன். பாவம், வீட்டுக்குத் திரும்பிய அவள் புருஷன் இந்த மழையில் எங்கே படுத்தானோ.