மூன்றாவது பாட்டில் விட்டு வைத்த இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததெல்லாம் நான் அன்றே சொன்னதுதான். உன் மகன் பால் டின்னைத் தட்டிக்கொண்டு திரிந்தபோதே, இவன் சத்தம் கடல் தாண்டும் என்றேன். எப்படித் தாண்டும் என்பதுதான் தெரியாமல் போனது. உன் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

அவன் நம்மை விட்டுப் போனபின் அவன் பேண்டுப் பையன்கள் அவனுக்காகப் போட்ட ராக் ஆல்பம் என் போனுக்கும் வந்தது. நீ கேட்கவே மாட்டேன் என்கிறாயாம். அத்தான் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே நான் வேலை பார்க்கும் சலவைக் கூடத்தில் சத்தமாகவே வைத்தேன். அத்தனை மெஷினும் வாயடைத்துப் போயின. இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "யாருண்ணே இது" என்றார்.

"என் மருமகன் செட்டு. கிடார் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

"உங்களுக்கு விசில்கூட அடிக்க வராதே."

பொறாமை பிடித்த ஆள்.

மூன்றாவது பாட்டில் அவன் கிடார் வர வேண்டிய இடத்தை யாரையும் வைத்து நிரப்பாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். டிரம் மட்டும், பின்னால் வருகிறவனுக்காக மெதுவாக நடப்பதுபோல் போகிறது. ஆனால் கடைசிப் பாட்டு முடியும்போது நெஞ்சு லேசாகிவிடும். பயப்படாமல் கேள்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்து அனுப்பு. அறை குளிர்கிறது. ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

அக்கா, கடைசிப் பாட்டைப் பற்றிச் சொன்னது என் கைச்சரக்கு. மூன்றாவதில் அந்த இடம் வந்ததும் அணைத்துவிட்டேன். தனியாக அதைத் தாண்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே போடு. நான் போனில் கூட இருக்கிறேன்.

உன் தம்பி